ஜார்ஜியாவின் ஆளுநர் வரிசை: படிப்பகத்தில் சொல்லிக்கொடுக்கும் முறை

பெயர்ப் பட்டியலில் தொடங்காதீர்கள். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தை யார் ஆண்டார் என்பதற்கு முன்னால், வாக்கை எப்படி எண்ணினார்கள் என்பது புரிய வேண்டும். அங்கே ஆளுநரை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். அதிகாரத்தில் நம் முதலமைச்சருக்கு நிகர். இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் பிள்ளைகள் நம் ஊர் ஆளுநர் மாளிகையை நினைத்துக்கொண்டே கேட்பார்கள்.

எண்ணும் முறையைச் செய்துகாட்ட 30 பிள்ளைகளும் 14 சோழியும் போதும். 18 பேரை உட்காரவைத்து, அந்தக் கூட்டத்துக்குக் கீழக்கரை என்று பெயர் வைத்து 6 சோழி கொடுங்கள். மீதிப் பேரை மும்மூன்றாகப் பிரித்தால் மோர்ப்பண்ணை, காரங்காடு, முள்ளிமுனை, சோளியக்குடி. ஊருக்கு 2 சோழி. போட்டியிடுவது இருவர். ஊருக்குள் முந்துகிறவருக்கே அந்த ஊர்ச் சோழி மொத்தமும். அதிகச் சோழி சேர்த்தவரே ஜெயித்தவர். கீழக்கரை முழுவதும் ஒருவருக்கே போட்டு, நான்கு சிற்றூரிலும் 2-க்கு 1 என்று மற்றவர் முந்தினால், 8 வாக்கு வாங்கியவர் 8 சோழியோடு ஜெயிப்பார். 22 வாக்கு வாங்கியவர் 6 சோழியோடு தோற்பார். பெரிய ஊரின் சோழியை வாக்குக்கேற்பப் பங்கு போட்டால் கணக்கே மாறிவிடும். அங்கேதான் பலர் தவறுகிறார்கள்.

ஜார்ஜியாவில் இதுதான் நடந்தது. நம் மாவட்டம் போன்ற 159 கவுன்டிகளில் பெரிய 8-க்குத் தலா 6 யூனிட் (நம் சோழி போல), அடுத்த 30-க்கு 4, மற்ற 121-க்கு 2, மொத்தம் 410. 1917-இல் சட்டமான இந்த முறை ஜனநாயகக் கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்தேர்தலுக்கானது. ஆனால் அதில் ஜெயித்தவரே ஆளுநர் என்பதுதான் அன்றைய நிலை. 1960 கணக்கில் அட்லாண்டா இருக்கும் ஃபுல்டனில் 5,56,326 பேர், 6 யூனிட்; எக்கோல்ஸில் 1,876 பேர், 2 யூனிட். ஒரு யூனிட்டுக்கு அங்கே 92,721 பேர், இங்கே 938 பேர். வகுத்துப் பார்க்கும் வேலையைப் பிள்ளைகளிடமே விடுங்கள். நகரத்துக் கறுப்பின மக்களின் வாக்கை இது நசுக்கியது என்பதை மழுப்பாமல் சொல்ல வேண்டும். 1963-இல்தான் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதைச் செல்லாது என்றது.

அடுத்தது 1946. உட்தேர்தலில் அதிக வாக்கு ஜேம்ஸ் கார்மைக்கேலுக்கு. 242 யூனிட் யூஜின் டால்மேட்ஜுக்கு. நவம்பர் தேர்தலிலும் ஜெயித்த யூஜின், பதவியேற்கும் முன்பே டிசம்பர் 21 அன்று இறந்துபோனார். ஜனவரியில் சட்டமன்றம் அவர் மகன் ஹெர்மனைத் தேர்ந்தெடுத்தது. பழைய ஆளுநர் எல்லிஸ் ஆர்னல் நகர மறுத்தார். துணை ஆளுநராகத் தேர்வான மெல்வின் தாம்சனும் உரிமை கோரினார். ஆளுநர் அலுவலகத்தின் பூட்டையே மாற்றிவிட்டது ஹெர்மன் தரப்பு. மார்ச் 1947-இல் மாநில உச்ச நீதிமன்றம் தாம்சன் பக்கம் தீர்ப்பளித்தது. 1948 தேர்தலில் ஹெர்மன் முறைப்படி வென்றார்.

இனி ஆளுநர்களின் காலக்கோடு. சார்ட் பேப்பரில் ஓர் ஆண்டுக்கு 8 மி.மீ. வைத்தால் 1943 முதல் 2023 வரை 64 செ.மீ.யில் அடங்கும். ஹெர்மனின் அந்த இரண்டு மாதம் மட்டும் ஒன்றரை மி.மீ.கூட வராது. ஆகவே டிசம்பர் 1946 முதல் மார்ச் 1947 வரை மாதத்துக்கு 15 செ.மீ. என்று தனிப்பட்டை வரைந்து, மூவருக்கும் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கோடு போடுங்கள். யூஜின் பெயரை 1947-இல் எழுதிவிடக் கூடாது. கடலோர ஈரத்தில் ஸ்கெட்ச் பேனா மை பரவும், செலோடேப் விட்டுப்போகும். கிரேயானில் தீட்டி, மேலும் கீழும் குச்சி வைத்துக் கட்டித் தொங்கவிடுங்கள்.

கட்சி நிறம் ஒரே இடத்தில்தான் மாறும்: ஜனவரி 2003, குடியரசுக் கட்சியின் சோனி பெர்டியூ. 1872 முதல் அதுவரை எல்லாருமே ஜனநாயகக் கட்சியினர். பெர்டியூவும் அவருக்கு அடுத்த நேதன் டீலும் ஜனநாயகக் கட்சியிலிருந்து மாறி வந்தவர்களே என்பதால் இருவர் பெயரிலும் ஒரு நட்சத்திரம் போட்டுவையுங்கள்.