பாக்ஸ்டி: பிழிந்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள்

அயர்லாந்துத் தீவின் வடமேற்கில் லீட்ரிம், கேவன், ஃபெர்மனா பக்கத்து வீடுகளில் சுடுகிற உருளைக்கிழங்கு அடைக்குப் பெயர் பாக்ஸ்டி. 'ஏழை வீட்டு ரொட்டி' என்ற பொருளுள்ள ஐரிஷ் சொற்களிலிருந்து இந்தப் பெயர் வந்ததாகச் சொல்வார்கள். சாமான்களைப் பார்த்தால் நம்பத்தான் தோன்றும்: உருளை, கொஞ்சம் மாவு, மோர், உப்பு. வெங்காயமும் பச்சை மிளகாயும் அரிந்து போடக் கை துறுதுறுக்கும். முதல் தடவையாவது போடாமல் செய்து பாருங்கள்.

பாதிக் கிழங்கைப் பச்சையாகத் துருவிச் சேர்ப்பதுதான் இதன் சூட்சுமம். மீதிப் பாதி வேகவைத்து மசித்தது. எல்லாமே வெந்த கிழங்கு என்றால் அது கட்லெட். இரண்டும் கலந்தால்தான் ஓரம் முறுகி, நடுவில் மெத்தென்று இருக்கும்.

எட்டு பாக்ஸ்டிக்கு அரை கிலோ உருளை, 125 கிராம் மைதா, அரை டீஸ்பூன் சமையல் சோடா, முக்கால் டீஸ்பூன் உப்பு, 150 முதல் 200 மில்லி கெட்டி மோர், சுடுவதற்கு வெண்ணெய். நம் வீட்டு நீர்மோர் இதற்குச் சரிப்படாது. புளித்த தயிர் மூன்று பங்குக்குத் தண்ணீர் ஒரு பங்கு விட்டுக் கடைந்துகொள்ளுங்கள். கிழங்கு வெந்தால் மாவாக உதிர வேண்டும். அயர்லாந்தில் ரூஸ்டர், கெர்ஸ் பிங்க் வகைகள் அப்படி. புதுக்கிழங்கில் தண்ணீர் அதிகம், தவிர்த்துவிடுங்கள்.

முதலில் கால் கிலோவை வேகவையுங்கள். தண்ணீரை வடித்துவிட்டு, வெறும் பாத்திரத்தில் ஒரு நிமிடம் அடுப்பில் காட்டி ஈரம் போக்கி, கட்டியில்லாமல் மசித்து ஆறவிடுங்கள்.

அடுத்து மீதிக் கிழங்கைத் தோல் சீவித் துருவுங்கள். துருவியின் சின்னக் கண் பக்கம்தான் வேண்டும். அந்தக் காலத்தில் தகர டப்பாவில் ஆணியால் ஓட்டை அடித்து, பிசிறு நிற்கும் பக்கத்திலேயே தேய்த்திருக்கிறார்கள். துருவல் சீக்கிரம் பழுப்பேறும், அதனால் நிறுத்தி நிறுத்திச் செய்யாதீர்கள்.

துருவலைச் சுத்தமான வெள்ளைத் துணியில் கட்டி, ஒரு கிண்ணத்தின் மேல் முறுக்கிப் பிழியுங்கள். இதற்கு மேல் வராது என்று தோன்றிய பிறகும் இன்னொரு முறை முறுக்குங்கள். சாறு செம்மண் தண்ணீர் மாதிரி இருக்கும். நான் முதல் தடவை அழுக்கென்று நினைத்து அதைத் தொட்டியில் கொட்டிவிட்டேன். அன்றைக்குச் சுட்ட ஒன்றுகூட முழுசாகத் திரும்பவில்லை. கிண்ணத்தைப் பத்து நிமிடம் அசைக்காமல் வையுங்கள். பிறகு மேல் தண்ணீரை மெதுவாகச் சாய்த்து ஊற்றினால், அடியில் வெள்ளை வெளேரென்று ஒரு படிவு ஒட்டியிருக்கும். விரலால் அழுத்தினால் கட்டியாக நிற்கும், சுரண்டினால் வழியும். அதுதான் கிழங்கின் ஸ்டார்ச். சூட்டில் அது பசையாகி மொத்தத்தையும் பிடித்துக்கொள்கிறது. ஒரு துளி விடாமல் வழித்துத் துருவலோடு சேர்த்துவிடுங்கள்.

இப்போது துருவல், மசியல், மைதா, உப்பு, சோடா எல்லாம் கலந்து, மோரைக் கடைசியாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். அடை மாவுப் பதம் வந்ததும் நிறுத்திவிடலாம். மோரின் புளிப்பு பட்டதுமே சோடா நுரைக்கத் தொடங்கிவிடும். அந்த நுரை அடங்குமுன் சுட வேண்டும், கலந்து வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போகாதீர்கள்.

தோசைக்கல் போதும். கல் காய்ந்ததும் வெண்ணெய் தடவி, ஒரு கரண்டி மாவை விட்டு அரை அங்குலக் கனத்துக்குப் பரப்புங்கள். தோசை மாதிரி இழுக்க வேண்டாம். மிதமான தீயில் பக்கத்துக்கு நாலைந்து நிமிடம் ஆகும். தீயைக் கூட்டினால் மேலே கருகி, உள்ளே பச்சைக் கிழங்கு வாடை நிற்கும். ஓரம் பொன்னிறமாகிக் கல்லை விட்டுத் தானாக நகரும்போது திருப்புங்கள்.

இதே கலவையில் மோரைக் குறைத்து உருண்டையாக்கி வேகவைப்பதும், அச்சில் வைத்து ஓவனில் சுடுவதும் அங்கே உண்டு. அவை இன்னொரு நாளைக்கு.

சூட்டோடு மேலே ஒரு துண்டு வெண்ணெய் வைத்தால் வேறெதுவும் தேவையில்லை. சர்க்கரை தூவிச் சாப்பிடுகிறவர்களும் இருக்கிறார்கள். மிஞ்சினால் மறுநாள் காலை வெண்ணெயில் வாட்டி, பொரித்த முட்டையோடு சாப்பிடுங்கள். எனக்கு அன்றைக்குச் சுட்டதைவிட இதுதான் பிடிக்கும்.