பூட்டிய கதவுக்கும் ஒரு காரணம் இருக்கும்: பொது இடங்களின் தீத்தடுப்புப் பணியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலையில் சேர்ந்த முதல் வருடம், ஒரு பொது நூலகத்தின் பின்பக்க அவசரக் கதவில் பூட்டு தொங்குவதைப் பார்த்தேன். ‘பூட்டை உடனே அகற்றவும்’ என்று அறிக்கையில் எழுதிக் கொடுத்தேன். அடுத்த மாதமும் பூட்டு இருந்தது. மறுபடியும் எழுதினேன். மூன்றாவது மாதம் பூட்டைக் காணோம், திருப்தியோடு கிளம்பினேன். விட்டுவிட்டு வந்த டார்ச்சை எடுக்க மறுநாள் போனால், அதே பூட்டு அதே இடத்தில் தொங்குகிறது.

அன்றைக்குத்தான் முதல் முறையாகக் காவலரிடம் கேட்டேன், “ஏண்ணே இதைப் பூட்டுறீங்க?”

“அந்த வழியா புத்தகம் வெளியே போயிடுது தம்பி. கணக்குல குறைஞ்சா என்னைத்தானே கேப்பாங்க.”

என் மூன்று அறிக்கைகளிலும் இந்த ஒரு வரி இல்லை. உள்ளிருந்து தள்ளினால் திறக்கும் கம்பியும், திறந்தவுடன் அலறும் சின்ன பேட்டரி அலாரமும் அந்தக் கதவுக்கு வந்த பிறகு, பூட்டுக்கு வேலை இல்லாமல் போயிற்று.

பூங்கா, நூலகம், அரங்கம், அருங்காட்சியகம் என்று பொதுமக்கள் வந்துபோகும் இடங்களில் தீத்தடுப்பு வேலை பார்ப்பவர்களும், புதிதாக வர நினைப்பவர்களும் முதலில் தவிர்க்க வேண்டிய தவறு இதுதான்: காரணம் கேட்காமல் உத்தரவு எழுதுவது. சாதனமே இல்லாத கட்டடங்களை நான் அதிகம் பார்த்ததில்லை. சாதனம் இருக்கும், அதை யாரோ ஒருவர் தன் வேலை ஓட வேண்டும் என்ற நியாயமான எண்ணத்தில் முடக்கி வைத்திருப்பார்.

1985 மே 11 அன்று இங்கிலாந்தின் பிராட்ஃபோர்ட் கால்பந்து மைதானத்தில் நடந்ததை இந்தத் துறைக்கு வரும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். மரத்தாலான பார்வையாளர் மாடம். பலகை இடுக்குகள் வழியாகப் பல வருடங்களாக விழுந்த குப்பை அடியில் சேர்ந்து கிடந்தது. தீக்குப் பிறகு 1968ஆம் வருடத்துச் செய்தித்தாள்கூட அங்கே கிடைத்தது. சில நிமிடங்களில் மாடம் முழுக்கத் தீ பரவி 56 பேர் இறந்தார்கள். பின்பக்கம் ஓடியவர்களுக்கு வழிகள் பூட்டியிருந்தன. கையில் எடுக்கத் தீயணைப்புக் கருவியும் இல்லை. விஷமிகள் எடுத்து நாசம் செய்கிறார்கள் என்று அவற்றை அங்கிருந்து முன்பே அகற்றியிருந்தார்கள். ஒவ்வொரு முடிவையும் தனியாக எடுத்துப் பார்த்தால் நிர்வாகத்துக்கு ஒரு காரணம் இருந்திருக்கிறது. அந்தக் காரணங்களைச் சேர்த்து வைத்துப் பார்க்கத்தான் நம்மை வேலைக்கு வைத்திருக்கிறார்கள்.

முள் பச்சையில் இருந்தால் போதும் என்று நினைப்பது

சுவரில் தொங்கும் தீயணைப்பு சிலிண்டரை எட்ட நின்று பார்த்து, அழுத்தமானியின் முள் பச்சையில் இருக்கிறது என்று சீட்டில் கையெழுத்துப் போடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. உள்ளே அழுத்தம் இருக்கிறது என்பதைத் தவிர அந்த முள் வேறெதையும் சொல்லாது. பவுடர் வகைக் கருவியில் தூள் நாளாக ஆக அடியில் இறுகிவிடலாம். வாகனத்தில் அதிர்ந்துகொண்டே போகும் கருவி என்றால் இன்னும் சீக்கிரம். கையில் எடுத்துத் தலைகீழாகப் பிடித்தால் தூள் சரிவது கைக்குத் தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் அதைக் கழற்றிச் சர்வீஸுக்கு அனுப்புங்கள்.

கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரில் முள்ளே கிடையாது. எடை போட்டுத்தான் பார்க்க வேண்டும். உள்ளே இருக்க வேண்டிய வாயுவில் பத்தில் ஒரு பங்கு குறைந்திருந்தாலே மறுபடி நிரப்ப வேண்டும் என்பது பொதுவான கணக்கு. தராசு எடுத்துப் போகாத பரிசோதனை, அந்த சிலிண்டரைப் பொறுத்தவரை பரிசோதனையே இல்லை.

பூங்காக்களில் இன்னொன்று உண்டு. ஒரு படகுத்துறைக் கொட்டகையில் தீயணைப்புக் கருவியின் ஹோஸின் வாயைத் திருப்பிப் பார்த்தபோது உள்ளே மண் அடைத்திருந்தது. குச்சியால் குத்தினேன், காய்ந்த மண் கட்டியாக உதிர்ந்தது, கூடவே செத்த புழுக்கள். குளவிக்கூடு. முள் பச்சையில், சீட்டில் ஆறு மாதக் கையெழுத்துகள். அந்த நிலையில் அதை எடுத்து யாராவது அழுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன்.

எந்தக் கருவியை எங்கே வைப்பது என்பதும் இதில் சேர்த்தி. கார்பன் டை ஆக்சைடு காற்றோட்டமான வெளியில் பெரிய பயன் தராது, காற்று அதை அள்ளிக்கொண்டு போய்விடும். மூடிய சின்ன அறையிலோ, அதை அடிப்பவருக்கே மூச்சு முட்டும். பவுடர் நன்றாக அணைக்கும், ஆனால் ஓலைச்சுவடியோ ஓவியமோ கணினிகளோ இருக்கும் அறையில் அது படிந்தால் தீயில் தப்பியதும் பாழாகும். அப்புறம், கையில் தூக்கும் அளவிலான கருவிகள் பெரும்பாலும் 10 முதல் 20 வினாடிதான் பீய்ச்சும். பயிற்சி இல்லாதவர் அதில் பாதியைப் புகையைப் பார்த்து அடித்தே தீர்த்துவிடுவார். தீயின் அடியைப் பார்த்து அடிக்க ஒரு முறையாவது கையில் கொடுத்துப் பழக்குங்கள்.

திறந்த வெளிதானே என்று பூங்காவை விட்டுவிடுவது

கட்டடங்களில் பழகியவர்கள் பூங்காவுக்கு வரும்போது செய்யும் தவறு இது. கூரை இல்லை, புகை அடைக்காது, ஓடிப்போக இடம் உண்டு, அதனால் ஆபத்து குறைவு என்று தோன்றும். பூங்காவில் எரிபொருள் தினமும் மரத்திலிருந்து விழுந்துகொண்டே இருக்கிறது. மரப்பாலத்தின் அடியில், கழிப்பறைக் கூரையின் தகர மடிப்பில், பெஞ்சுக்குப் பின்னால் சருகு சேர்ந்துகொண்டே போகும். காய்ந்த புல்லின் மேல் நிறுத்திய வாகனத்தின் சூடான புகைக்குழாய், கல்லில் உரசும் புல்வெட்டியின் தகடு, அணைக்காமல் வீசிய சிகரெட் எல்லாமே அதற்குப் போதும். சரிவில் பிடித்த தீ மேல்நோக்கி இன்னும் வேகமாக ஏறும். 10 டிகிரி சரிவு கூடும்போது வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது காட்டுத்தீயோடு போராடுகிறவர்களின் கணக்கு.

தீக்குச்சியே தேவைப்படாத தீயும் உண்டு. இலைதழைகளை மட்க வைக்கும் குவியலின் நடுவில் 60 டிகிரிக்கு மேல் சூடு இருப்பது இயல்பு. குவியல் பெரிதாக ஆக, அந்தச் சூடு வெளியேற வழி குறையும், ஒரு கட்டத்தில் உள்ளே கனியத் தொடங்கும். குவியலைச் சின்னதாக வைத்து, கிளறிவிட்டு, நீளமான தெர்மாமீட்டரைக் குத்திப் பார்க்க வேண்டும். ஆளி விதை எண்ணெய் பூசி மரப் பெஞ்சுகளைப் பராமரிக்கும் இடங்களில், துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். அந்த எண்ணெய் காயும்போது வெப்பத்தை வெளிவிடும், சுருட்டிய துணிக்குள் அது சேர்ந்துகொண்டே போய்த் தானாகவே தீப்பிடிக்கும். துணிகளை விரித்துக் காய வையுங்கள், இல்லையென்றால் தண்ணீர் நிரப்பிய மூடியுள்ள இரும்பு வாளியில் போடுங்கள்.

சாம்பல் விஷயத்தில் நான் கண்டிப்பாக இருப்பேன். ஒரு பூங்காவில் வெளியில் சமைக்கும் மேடையின் சாம்பலை, ஆறிவிட்டது என்று நினைத்து, துப்புரவுப் பணியாளர் மாலையில் பிளாஸ்டிக் தொட்டியில் கொட்டினார். தொட்டி மரக் கொட்டகையை ஒட்டி இருந்தது. விடியற்காலையில் கொட்டகை பாதி இல்லை. நீறு பூத்த நெருப்பு என்று சொல்வோமே, அது கண்ணுக்குத் தெரியாது, ஒரு நாளைக்கு மேலும் உயிரோடு இருக்கும். தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடியும் ஊற்றி, புறங்கையை அருகில் கொண்டுபோய்ச் சூடு தெரியவில்லை என்றால்தான் அது அணைந்த சாம்பல். புல்தீ அணைந்த இடத்திலும் இதையே செய்யுங்கள். மேலே அணைந்தது வேர் வழியாக உள்ளே புகைந்துகொண்டு போய், மறுநாள் பத்தடி தள்ளித் தலைகாட்டும்.

அந்தப் பணியாளரைத் திட்டி எந்தப் பயனும் இல்லை. சாம்பலுக்கென்று மூடியுள்ள இரும்புத் தொட்டி அந்தப் பூங்காவில் ஒன்றுகூட வைக்கவில்லை.

எங்கே என்று சொல்ல முடியாத இடமும், திறந்து பார்க்காத தண்ணீரும்

பூங்காவுக்கு ஒரு முகவரிதான், வாசல்கள் பல. “பூங்காவுக்குள்ள தீப்பிடிச்சிருக்கு, அந்த ஊஞ்சல் பக்கத்துல” என்று பதற்றத்தில் போனில் சொல்பவரிடமிருந்து தீயணைப்பு வண்டி எந்த வாசலுக்குப் போக வேண்டும் என்று தெரியவராது. விளக்குக் கம்பங்களில் பெரிய எண்களை எழுதி, அந்த எண்ணும் அதற்கு அருகிலுள்ள வாசலும் குறித்த வரைபடத்தைத் தீயணைப்பு நிலையத்தில் முன்கூட்டியே கொடுத்து வையுங்கள். பெயிண்ட் செலவுதான். பாதை வண்டியின் எடையைத் தாங்குமா, வளைவில் திரும்புமா, இரவில் கேட்டின் சாவி யாரிடம் என்பதை அந்த நிலையத்து ஆட்களையே வண்டியோடு அழைத்து வந்து பார்த்துவிடுங்கள்.

கட்டடத்திலும் இதே கதைதான். 2019 ஏப்ரல் 15 அன்று பாரிஸின் நோத்ர தாம் பேராலயத்தில் அலாரம் அடித்தது. ஆனால் எந்த இடத்தில் அலாரம் என்று காட்டும் பேனலில் வந்த தகவலை வைத்து இடத்தைச் சரியாகப் புரிந்துகொள்ள முடியவில்லை. காவலர் பக்கத்துக் கட்டடத்தின் பரணில் போய்ப் பார்த்தார், அங்கே ஒன்றும் இல்லை. சரியான கூரைக்கு ஏறிப் பார்ப்பதற்குள் சுமார் அரை மணி நேரம் போய்விட்டது. உங்கள் பேனலில் வரும் ஒவ்வொரு வரியையும், நேற்று வேலைக்குச் சேர்ந்த காவலரைப் படிக்கச் சொல்லி, அந்த இடத்துக்கு நடந்து போகச் சொல்லுங்கள். அவர் தவறாகப் போனால் மாற்ற வேண்டியது பேனலில் உள்ள வார்த்தையை.

தண்ணீருக்கு வருவோம். ரியோ டி ஜெனீரோவின் தேசிய அருங்காட்சியகம் ஒரு பெரிய பொதுப் பூங்காவுக்குள் இருக்கிறது. 2018 செப்டம்பர் 2 இரவு அது எரிந்தபோது, அருகிலிருந்த ஹைட்ரன்ட்களில், அதாவது தீயணைப்புக்கான தண்ணீர்க் குழாய்களில், போதிய தண்ணீர் வரவில்லை. லாரிகளை வரவழைத்தும், பூங்காவின் ஏரியிலிருந்தும் தண்ணீர் எடுத்தார்கள். பல லட்சம் பொருட்கள் சாம்பலாயின.

ஹைட்ரன்ட்களை எண்ணி ‘12 உள்ளன’ என்று எழுதுவது பரிசோதனை ஆகாது. அழுத்தமானியைப் பார்த்துவிட்டு வருவதும் போதாது. எங்கோ ஒரு வால்வு முக்கால்வாசி மூடியிருந்தாலும், தண்ணீர் ஓடாமல் நிற்கும்வரை அழுத்தம் முழுதாகத்தான் காட்டும். திறந்து ஓடவிட்டுப் பார்த்தால்தான் முள் தடாலென்று கீழே விழுவது தெரியும்.

ஒரு பூங்காவில் நான்கு ஹைட்ரன்ட்களைத் தேடிக் கண்டுபிடிக்கவே ஒரு மணி நேரம் ஆனது. சுற்றிலும் இடுப்பளவு புதர்ச்செடிகள். வயதான தோட்டக்காரர், “சிவப்பு இரும்பு அசிங்கமா நிக்குதுன்னு நான்தான் தம்பி மறைச்சு வச்சேன்” என்றார், பெருமையாக. நானும் அவரும் உட்கார்ந்து பேசினோம். சுற்றி ஒரு மீட்டருக்குத் தரையோடு படரும் செடி, அதற்கு அப்பால் அவர் விருப்பம். ஹைட்ரன்டுக்கு வருடா வருடம் சிவப்புப் பெயிண்ட் அடிப்பதும் இப்போது அவர்தான்.

மூடிய வால்வும் வாயடைத்த அலாரமும்

தீயின் சூட்டில் தானாகத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் இருந்தும் வேலை செய்யாமல் போனதற்கு முதல் காரணம் பெரும்பாலும் யாரோ தண்ணீரை மூடியதுதான். ஒழுகியது என்று மூடியிருப்பார்கள், திறக்க மறந்திருப்பார்கள். வால்வைத் திறந்த நிலையில் சங்கிலி போட்டு, மூடுவதற்கு ஒரு பதிவேடு வையுங்கள். ஒரு இடத்தில் தீப்பிடித்தால் எல்லா ஸ்பிரிங்க்ளரும் கொட்டி எல்லாவற்றையும் நனைத்துவிடும் என்ற பயத்தில் மூடுகிறவர்களும் உண்டு. அப்படி நடக்காது. ஒவ்வொன்றிலும் உள்ள சின்னக் கண்ணாடிக் குப்பி தன் இடத்தில் சூடேறினால்தான் உடையும், சிவப்புத் திரவம் உள்ளது 68 டிகிரி செல்சியஸில். இதை நிர்வாகியிடம் பொறுமையாகச் சொல்லுங்கள்.

அலாரம் அடிக்கடி பொய்யாக அடித்தால் மனிதர்கள் அதை அணைத்துத்தான் வைப்பார்கள். சமையலறை வாசலில் புகை உணரியை வைத்துவிட்டு ‘அணைக்காதே’ என்று நோட்டீஸ் ஒட்டுவது தப்பு. அங்கே வெப்ப உணரியை மாற்றி வையுங்கள். வெள்ளையடித்த பிறகு உணரிகளின் மேல் மாட்டிய பிளாஸ்டிக் உறைகள் கழன்றனவா என்பதையும் ஏணி வைத்துப் பாருங்கள்.

எல்லாருக்கும் தெரிந்த நேரத்தில் ஒத்திகை

காலை 11 மணிக்கு ஒத்திகை என்று முந்தின நாளே சுற்றறிக்கை போகும். எல்லாரும் முன்வாசல் வழியாகப் பேசிக்கொண்டே இறங்குவார்கள். 3 நிமிடத்தில் கட்டடம் காலி. சரி, முன்வாசலில் புகை இருந்தால்?

வந்த வழியிலேயே திரும்ப ஓடுவது மனித இயல்பு. பாஸ்டனின் கோகோநட் குரோவ் இரவு விடுதியில் 1942இல் 492 பேர் இறந்தார்கள். முன்வாசலின் சுழல் கதவில் கூட்டம் அடைத்துக்கொண்டது, வேறு கதவுகளில் சில பூட்டியிருந்தன. அதனால் ஒத்திகையில் முன்வாசலில் ஒருவரை நிறுத்தி ‘இங்கே தீ’ என்று அட்டை பிடிக்கச் சொல்லுங்கள். அப்போதுதான் பின்வழி யாருக்குத் தெரியும் என்பது தெரியவரும். பொது இடத்துக்கு வருபவர் கட்டடத்தை அறியாதவர், ஊழியர் கையைக் காட்டி அழைத்தால்தான் வருவார். சக்கர நாற்காலியில் வருபவரை யார், எந்தப் படிக்கட்டில், எந்தச் சாதனத்தில் இறக்குவது என்பதை நிஜமாகச் செய்து பாருங்கள். இரவில் துப்புரவு செய்ய வரும் இரண்டு பேரையும் மறக்காதீர்கள், அவர்களை எந்த ஒத்திகையும் தொடுவதில்லை.

லண்டனின் கிங்ஸ் கிராஸ் சுரங்க ரயில் நிலையத்தில் 1987இல் 31 பேரைப் பலிகொண்ட தீ, மரத்தாலான நகரும் படிக்கட்டின் அடியில் சின்னதாகத்தான் தொடங்கியது. நீரைப் பனிப்புகையாகத் தூவும் சாதனம் அங்கேயே இருந்தது. யாரும் அதை இயக்கவில்லை.

விழா நாட்களுக்கு இரண்டே இரண்டு விஷயம் சொல்கிறேன். ஒயர் ரீலைச் சுருளாக வைத்தே அதிகச் சுமை கொடுத்தால் உள்ளே உருகும், முழுதாக விரியுங்கள். ஜெனரேட்டரை நிறுத்தி ஆறவிட்ட பிறகுதான் எரிபொருள் ஊற்ற வேண்டும், அதற்கு ஒருவரைப் பொறுப்பாக்குங்கள்.

அறுபது குறைகள், அறுபதும் ‘உடனே’

நீளமான அறிக்கை கொடுத்தால் கடமை முடிந்தது என்று நினைத்த காலம் எனக்கும் உண்டு. அறுபது குறைகளை வரிசைப்படுத்தாமல் கொடுத்தேன். ஒரு மாதத்தில் நாற்பதைச் சரிசெய்துவிட்டதாக மகிழ்ச்சியோடு சொன்னார்கள். போய்ப் பார்த்தால் ஸ்டிக்கர்கள், அம்புக்குறிகள், மங்கிய எழுத்துகள் எல்லாம் புதுசு. தீயணைப்புத் தண்ணீருக்கான டீசல் பம்பின் செத்த பேட்டரி அப்படியே இருந்தது.

இப்போது முதல் பக்கத்தில் மூன்று குறைகள் மட்டும்தான் எழுதுகிறேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு புகைப்படம், அது ஏன் அப்படி இருக்கிறது என்று அங்கு வேலை செய்பவர் சொன்ன காரணம், சரிசெய்யப் போகிறவரின் பெயர், தேதி. பரிசோதனைக்கும் அலுவலக நேரத்தில் மட்டும் போவதில்லை. மூடும் நேரத்துக்கு அரை மணி முன்பு போய், காவலர் எந்தெந்தக் கதவை எந்த வரிசையில் பூட்டுகிறார் என்று கூடவே நடக்கிறேன்.