பார்ட் டைம் ஆட்களுக்குச் சம்பளம் பேசப் போகிறீர்களா? ரூபாயில் கேட்காதீர்கள், முழுநேரச் சம்பளத்தில் பங்காகக் கேளுங்கள்

தொழிற்சங்கத்தில் கோரிக்கைப் பட்டியல் தயாரிக்கும்போது பெரும்பாலும் நடப்பது இதுதான். முதல் இருபது கோரிக்கையும் நிரந்தரத் தொழிலாளிக்கு. அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி (அகவிலைப்படி), வாடகைப்படி, லீவு என்று எல்லாம் எழுதி முடித்து, டீ வந்த பிறகு யாராவது ஒருவர் "பார்ட் டைம் ஆட்களுக்கு என்ன போடலாம்?" என்று கேட்பார். "ஆளுக்கு ரெண்டாயிரம் கூட்டிக் கேட்போம்" என்று கடைசி வரியில் ஒன்றை எழுதிவிட்டு எழுந்துவிடுவார்கள். நானும் அப்படி எழுதியவன்தான். அந்தக் கடைசி வரியை எப்படி எழுத வேண்டும் என்று கொஞ்சம் அடிபட்டுக் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

ரூபாயில் கேட்டால் என்ன தப்பு? தொகுப்பூதியமாக, அதாவது படி எதுவும் தனியாக இல்லாமல் மொத்தமாக, ஒரு தொகையை வாங்கினால் அது வாங்கிய அன்றிலிருந்தே தேயத் தொடங்கிவிடும். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளின் பகுதிநேரச் சிறப்பாசிரியர்களைப் பாருங்கள். ஓவியம், உடற்கல்வி, கணினி, தையல் என்று 2012-ல் பதினாறாயிரம் பேருக்கு மேல் வாரம் மூன்று அரை நாள் கணக்கில் வேலைக்கு எடுத்தார்கள், மாதம் 5,000 ரூபாய். அது 7,000 ஆகி, 7,700 ஆகி, 2021-ல்தான் 10,000-ஐ எட்டியது. 2023 அக்டோபரில் 12,500 என்று அறிவித்தார்கள். ஒவ்வொரு படியையும் ஏறச் சென்னைக்கு பஸ் பிடித்து வந்து உட்கார்ந்து கோஷம் போட வேண்டியிருந்தது. மே மாதச் சம்பளம் கிடையாது என்ற சண்டை தனி. பக்கத்து வகுப்பு நிரந்தர ஆசிரியருக்கு அகவிலைப்படி ஏறினால் இவர்களுக்கு அதில் ஒரு பைசா சேராது, ஏனென்றால் இவர்கள் சம்பளம் எந்த அளவுகோலோடும் கட்டப்படவில்லை.

இதற்கு நேர் எதிரான ஏற்பாடு வங்கிகளில் இருக்கிறது. வங்கி நிர்வாகங்கள் சார்பில் ஐபிஏ என்ற இந்திய வங்கிகள் சங்கமும் தொழிற்சங்கங்களும் போடும் இருதரப்பு ஒப்பந்தத்தில், கிளையைக் கூட்டிப் பெருக்கும் பகுதிநேர ஊழியருக்குத் தனித் தொகை என்று பேசுவதில்லை, முழுநேரக் கடைநிலை ஊழியரின் சம்பள விகிதத்தில் பங்கு. வாரத்துக்கு 6 முதல் 13 மணி நேரம் வரை வேலை என்றால் மூன்றில் ஒரு பங்கு, 13-க்கு மேல் 19 வரை பாதி, 19-க்கு மேல் 29 வரை முக்கால், 29-ஐத் தாண்டினால் முழுச் சம்பளம். பஞ்சப்படியும் அதே பங்கில் வரும். 2020 நவம்பரில் கையெழுத்தான 11-வது ஒப்பந்தத்தில் கடைநிலை ஊழியரின் ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 14,500, அதில் பாதி 7,250. 2024 மார்ச் 8-ல் 12-வது ஒப்பந்தம் கையெழுத்தானபோது அது 19,500 ஆனது, பாதி தானாகவே 9,750 ஆகிவிட்டது. (பழைய பஞ்சப்படியில் ஒரு பகுதி அடிப்படைக்குள் சேர்ந்ததும் இந்த உயர்வில் உண்டு, எல்லாமே புதுக் காசு இல்லை.) பகுதிநேர ஊழியருக்காக யாரும் தனியாகத் தொண்டை கிழியக் கத்த வேண்டியிருக்கவில்லை. உங்கள் ஒப்பந்தத்தில் வர வேண்டியது இந்த மாதிரி வரிதான்.

அந்த மணி நேரப் படிகளை இன்னொரு முறை பாருங்கள். வாரம் ஆறு மணி நேரத்துக்கே மூன்றில் ஒரு பங்கு வருகிறது. வெறும் வகுத்தல் கணக்கு போட்டால் அவ்வளவு வராது. ஆனால் ஒருவர் ஒரு மணி நேர வேலைக்கு வந்தாலும் குளித்துக் கிளம்பி பஸ் ஏறி வந்தாக வேண்டும், அந்த நேரத்தில் வேறு இடத்தில் வேலை பிடிக்க முடியாது. "மணிக்கு இவ்வளவு, பெருக்கிக்கொள்ளுங்கள்" என்று நிர்வாகம் சொன்னால் இதைத்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

சரி, பங்கு கேட்பது என்று முடிவாகிவிட்டது. அடுத்தது, உண்மையில் எத்தனை மணி நேரம் வேலை நடக்கிறது? பாதிச் சண்டை இங்கேதான், இதற்கு ஒரு மாதமாவது ஒதுக்குங்கள். எனக்குத் தெரிந்த ஒரு வங்கிக் கிளையில் பெருக்க வந்த அக்காவுக்குப் பதிவேட்டில் தினம் இரண்டு மணி நேரம். ஆறு நாளுக்கு 12 மணி, அதாவது மூன்றில் ஒரு பங்குப் படி. அவரோ காலை ஏழேகாலுக்கு வந்துவிடுவார். பெருக்கித் துடைத்து, கழிவறை கழுவி, தண்ணீர் கேன் மாற்றி, டீ வாங்கி வைத்து, "மேனேஜர் வர்ற வரைக்கும் இரும்மா" என்பதற்காக உட்கார்ந்திருந்து, பத்து மணிக்குத்தான் வெளியே போவார். அவரிடம் நோட்டு வாங்கி எழுதச் சொன்னால் எழுதமாட்டார் என்று தெரியும். அதனால் தினசரி காலண்டரில் கிழிக்கும் தாளின் பின்பக்கத்தில் வந்த நேரம், போன நேரம் இரண்டை மட்டும் குறித்து ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைக்கச் சொன்னோம். ஒரு மாதம் கழித்து டப்பாவைத் திறந்து கூட்டினால் நாளைக்கு இரண்டே முக்கால் மணி, வாரத்துக்குப் பதினாறரை. பாதிச் சம்பளப் படி! அன்றைய விகிதம் எதுவானாலும் வித்தியாசம் அதே ஆறில் ஒரு பங்கு. இன்றைய ஆரம்பச் சம்பளத்தில் 6,500-க்கும் 9,750-க்கும் உள்ள 3,250 ரூபாய், அதுவும் பஞ்சப்படி சேர்க்காமல். முறைப்படி மனு எழுதி வாதாடியதைவிட அந்த டப்பாவை மேஜைமேல் வைத்ததுதான் அதிகம் பேசியது.

இதிலிருந்து இன்னொன்றும் புரிந்திருக்கும். படிகள் இருக்கும் இடத்தில் ஆளை எல்லைக்கு ஒரு மணி நேரம் கீழேயே நிறுத்திவைப்பார்கள். ஆகவே ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்: காத்திருக்கும் நேரமும் வேலை நேரம், தொடர்ந்து மூன்று மாதம் சராசரி மேல் படியைத் தொட்டால் ஆள் தானாக அந்தப் படிக்குப் போய்விடுவார், கூப்பிட்டு வரவழைத்துவிட்டு "இன்னிக்கு வேலை இல்ல" என்று அனுப்பினாலும் குறைந்தது மூன்று மணி நேரக் கூலி உண்டு. மூன்று மாதம், மூன்று மணி என்பதெல்லாம் நான் வழக்கமாகக் கேட்பது, உங்கள் இடத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

படிகள் வைக்க முடியாத சிறு நிறுவனம், கடை, பட்டறை என்றால் மணிக்கணக்குதான். அங்கே வகுக்கும் எண்ணில் ஏமாறாதீர்கள். முழுநேர ஆளுக்கு மாதம் 20,800 என்று வைத்துக்கொள்வோம். நிர்வாகம் 30 நாள், நாளுக்கு 8 மணி, மொத்தம் 240 என்று வகுத்து மணிக்கு 86 ரூபாய் சொச்சம் என்பார்கள். வாரம் ஒரு நாள் விடுமுறை போக வேலை நாள் 26, அதாவது 208 மணி, மணிக்கு சரியாக 100. பதிமூன்று ரூபாய் இப்படியே காணாமல் போகும். "26 எங்கிருந்து வந்தது?" என்று கேட்டால், பணிக்கொடை விதியே மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்துத்தான் ஒரு நாள் கூலி கணக்கிடுகிறது என்று சொல்லுங்கள். அப்புறம், 20,800 என்பதில் அடிப்படை மட்டுமா, பஞ்சப்படி மாதிரியான படிகளும் சேர்ந்ததா என்று பாருங்கள். எல்லாம் சேர்ந்த தொகையைத்தான் வகுக்க வேண்டும்.

எதைப் பங்கு போடலாம், எதைப் போடக் கூடாது என்பதையும் பிரித்துக்கொள்ளுங்கள். அடிப்படை, பஞ்சப்படி பங்கில் வரட்டும். பயணப்படி முழுசாக வர வேண்டும், பாதி நேர வேலைக்குப் போகிறேன் என்றால் கண்டக்டர் பாதி டிக்கெட் தருவாரா? சீருடை, செருப்பு, மருத்துவப் பரிசோதனையும் அப்படித்தான். போனஸைச் சலுகை மாதிரி பேச விடாதீர்கள், ஆண்டில் 30 வேலை நாள் பார்த்திருந்தால் போதும். இஎஸ்ஐ என்ற தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டையும் கேட்டு வாங்குங்கள், தொழிலாளி பங்கு 0.75 சதவீதம்தான், நிர்வாகப் பங்கு 3.25. ஆஸ்பத்திரிச் செலவு வரும் நாளில் அதன் அருமை தெரியும்.

"பார்ட் டைம் ஆளெல்லாம் தொழிலாளி கணக்கிலேயே வரமாட்டாங்க" என்று ஒரு எச்.ஆர். அதிகாரி கட்டாயம் சொல்வார். பயப்பட வேண்டாம். தமிழ்நாட்டில் ஒரு இன்சூரன்ஸ் அலுவலகத்தில் பகுதிநேரமாகப் பெருக்கித் தண்ணீர் கொண்டுவந்து வைத்தவர் தொடுத்த வழக்கில், பகுதிநேர ஊழியரும் தொழில் தகராறு சட்டப்படி தொழிலாளியே, சும்மா நிறுத்த முடியாது என்று 2008-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

நிர்வாகத்தைவிடக் கடினமானவர்கள் நம் ஆட்கள்தான். "அவங்களுக்குக் கொடுத்தா நம்ம பங்கு குறையும்" என்று நிரந்தரத் தொழிலாளி நினைப்பார். பொதுக்குழுவில் இதற்குப் பதில் சொல்லாமல் பேச்சுவார்த்தைக்குப் போனால் முதல் விட்டுக்கொடுப்பே பார்ட் டைம் வரியாகத்தான் இருக்கும். நான் சொல்லும் பதில் இது: அவர் மலிவாகக் கிடைக்கும்வரை, நீங்கள் ரிட்டயர் ஆகும் இடத்தில் முழுநேர ஆளை ஏன் போடுவார்கள்? அமெரிக்காவில் யுபிஎஸ் பார்சல் நிறுவனத்தில் 1997 ஆகஸ்டில் டீம்ஸ்டர்ஸ் சங்கத்தின் 1,85,000 பேர் 15 நாள் வேலைநிறுத்தம் செய்தது முக்கியமாக இதற்காகத்தான். பகுதிநேர இடங்களைச் சேர்த்து 10,000 முழுநேர வேலையாக மாற்ற நிர்வாகம் ஒப்புக்கொண்டது. லாரி ஓட்டும் முழுநேர ஆட்கள், பார்சல் பிரிக்கும் பகுதிநேர ஆட்களோடு சேர்ந்து வெளியே நின்றதால் நடந்தது அது.

இன்னொரு நடைமுறைக் காரணமும் உண்டு. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பில், பல சங்கங்கள் இருக்கும் இடத்தில் மஸ்டர் ரோலில் (தொழிலாளர் பெயர்ப் பதிவேட்டில்) உள்ளவர்களில் 51 சதவீதம் பேரை வைத்திருக்கும் சங்கம்தான் ஒரே பேச்சுவார்த்தைச் சங்கம். பார்ட் டைம் ஆட்கள் மஸ்டர் ரோலில் ஏறினால், உங்கள் சங்கத்தில் சேர்ந்தால், அந்த எண்ணிக்கை எப்படி மாறும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆகவே ரோலில் பெயர் ஏற்றுவதையும் கோரிக்கையாக வையுங்கள். பேச்சுவார்த்தைக் குழுவில் அவர்களில் ஒருவரை உட்கார வையுங்கள், காலை ஆறு மணி வேலையைப் பற்றி ஒன்பது மணிக்கு வருபவர் பேசுவது அவ்வளவாக எடுபடாது.

கையெழுத்துப் போடும் இடமும் முக்கியம். நிர்வாகமும் சங்கமும் தனியாகப் போட்டுக்கொள்ளும் ஒப்பந்தம், பழைய தொழில் தகராறு சட்டத்தின் பிரிவு எண்ணை வைத்து நாம் 18(1) என்று சொல்லிப் பழகியது, கையெழுத்திட்ட தரப்புகளை மட்டும்தான் கட்டுப்படுத்தும். லேபர் ஆபீசர் முன் சமரசத்தில் போடும் 12(3) மாதிரி ஒப்பந்தம் அந்த இடத்தின் எல்லாத் தொழிலாளிக்கும், நாளை சேருபவருக்கும் செல்லும். பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன, இந்த வித்தியாசம் மாறவில்லை. சங்கத்தில் சேரப் பயப்படும் பார்ட் டைம் ஆட்கள் நிறைய இருக்கும் இடத்தில் இரண்டாவதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

வாசகத்தை இப்படி எழுதலாம்: "பகுதிநேரத் தொழிலாளிக்கு, அதே வேலை செய்யும் முழுநேரத் தொழிலாளியின் அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி, ஆண்டு உயர்வு ஆகியவற்றில் இணைப்பில் கண்ட பங்கு வழங்கப்படும், முழுநேர விகிதம் திருத்தப்படும்போதெல்லாம் அதே தேதியிலிருந்து இதுவும் திருத்தப்படும்." கடைசிப் பாதிதான் உயிர். "அதே தேதியிலிருந்து" விட்டுப்போனால் அரியர் அவர்களுக்கு வராது, ஒரு இடத்தில் எங்களுக்கே விட்டுப்போய் எட்டு மாத அரியர் போயிற்று. முழுநேர இடம் காலியானால் சீனியாரிட்டிப்படி முதலில் பகுதிநேர ஆளுக்கு என்ற வரியையும் அதன் கீழேயே போட்டுவிடுங்கள்.

கையெழுத்து முடிந்து முதல் சம்பளம் வரும் நாளில் நான்கைந்து பேரின் ரசீதையாவது வாங்கி, பங்கு சரியாக விழுந்திருக்கிறதா, பஞ்சப்படி தனி வரியாக இருக்கிறதா என்று கால்குலேட்டரை வைத்துப் பாருங்கள். காலண்டர் தாள் குறிப்பதை மட்டும் நிறுத்தச் சொல்லாதீர்கள்.