துப்பாக்கி வாங்குமுன் விசாவைப் பாருங்கள்: டெக்சாஸ் வருகிற நம்மவர்களுக்கு

டாலஸ் பக்கம் ஃபிரிஸ்கோ, இர்விங், பிளேனோ என்று வந்து இறங்குகிறவர்கள் முதல் மாதம் விசாரிப்பது பள்ளிக்கூடம், கார் இன்சூரன்ஸ், இட்லி அரிசி. நாலைந்து மாதம் போனதும் கொஞ்சம் குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் கேட்பார்கள்: "அண்ணா, இங்கே துப்பாக்கி வாங்கி இடுப்பில் வைத்துக்கொள்ளலாமாமே, லைசென்ஸ்கூட வேண்டாமாமே?"

கேட்பதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. நம் வீடுகளில் தங்கம் இருக்கும் என்பது திருடர்களுக்கும் தெரியும். 2011 முதல் 2014 வரை ஜார்ஜியா, நியூயார்க், ஓஹையோ, மிச்சிகன், டெக்சாஸ் மாநிலங்களில் இந்திய, ஆசியக் குடும்பங்களின் வீடுகளாகப் பார்த்துப் புகுந்து கொள்ளையடித்த ஒரு கும்பல் இருந்தது. அதன் தலைவிக்கு 2019-ல் 37 ஆண்டு சிறை கிடைத்தது. அதனால் பயத்தைக் கேலி செய்ய மாட்டேன். ஆனால் அந்தப் பயத்துக்கு முதல் மருந்து வங்கி லாக்கர். நகையை அங்கே வையுங்கள், கல்யாண வீட்டுப் படங்களைப் பொதுவில் போடாதீர்கள், கதவுச் சட்டத்துத் திருகாணிகளை நீளமானவையாக மாற்றுங்கள். இவ்வளவையும் செய்த பிறகும் துப்பாக்கி வேண்டும் என்று தோன்றினால் மேலே படியுங்கள்.

லைசென்ஸ் வேண்டாம் என்று கேள்விப்பட்டது பாதி உண்மை. 2021 செப்டம்பர் 1 முதல் டெக்சாஸில் 21 வயது நிரம்பியவர், சட்டத் தடை எதுவும் இல்லாதவராக இருந்தால், அனுமதி அட்டை இல்லாமலே கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லலாம். அந்தச் 'சட்டத் தடை'யில்தான் நம்மில் பெரும்பாலோர் மாட்டுகிறோம். கூட்டாட்சிச் சட்டப்படி, குடியேற்றமல்லாத விசாவில், அதாவது வேலை, படிப்பு, சுற்றுப்பயணம் என்று தற்காலிகமாகக் கொடுக்கிற விசாவில், நாட்டுக்குள் வந்தவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1, பார்க்க வந்த அம்மா அப்பாவின் பி-2 எல்லாம் இதில் அடங்கும். மாநிலச் சட்டம் எவ்வளவு தாராளமாக இருந்தாலும் இது மாறாது. மீறினால் 15 ஆண்டு வரை சிறை, அதன் பிறகு நாடு கடத்தல். கிரீன் கார்டு விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறது, அதற்கு முந்தைய படியான ஐ-140 மனு ஆகிவிட்டது, இன்னும் இரண்டே மாதம் என்ற கணக்கெல்லாம் இங்கே வேண்டாம். கிரீன் கார்டு கைக்கு வரட்டும்.

'வைத்திருப்பது' என்றால் சொந்தமாக வாங்குவது மட்டும் இல்லை. அலுவலக நண்பர்கள் சனிக்கிழமை துப்பாக்கி சுட்டுப் பழகும் ரேஞ்சுக்குக் கூப்பிட்டு, வாடகைத் துப்பாக்கியைக் கையில் கொடுத்தாலும் அது வைத்திருப்பதுதான். எமிரேட்ஸிலிருந்து மாணவர் விசாவில் ஃபுளோரிடா வந்த ஒருவர், கல்லூரி அவரை நீக்கிய பிறகும் தங்கியிருந்தார். ஒரு ரேஞ்சில் போய்ச் சுட்டார். அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. தன்னுடைய குடியேற்ற நிலை அவருக்குத் தெரிந்திருந்தது என்பதை அரசு நிரூபிக்க வேண்டும் என்று 2019-ல் தீர்ப்பு வந்தது. அதை நம்பி யாரும் கிளம்ப வேண்டாம், இதை இவ்வளவு தூரம் படித்துவிட்ட உங்களால் தெரியாது என்று இனி சொல்ல முடியாது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பவருக்குச் சட்டத்தில் ஒரு விலக்கு உண்டு. ஆனால் அதைக் காட்டித் தினமும் இடுப்பில் துப்பாக்கியோடு திரியலாம் என்று யாராவது சொன்னால், முதலில் ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் காசு கொடுத்துக் கேளுங்கள். ரேஞ்சில் நிற்கிற நண்பர் வழக்கறிஞர் இல்லை.

இனிமேல் சொல்வது கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் குடியுரிமை பெற்றவர்களுக்கும்.

கடையில் 4473 என்ற படிவத்தை நிரப்பச் சொல்வார்கள். எந்த நாட்டுக் குடிமகன் என்று அதில் கேள்வி உண்டு, கிரீன் கார்டின் ஏ-எண்ணும் கேட்பார்கள். பொய் எழுதினால் அதுவே தனிக் குற்றம். நம் பெயர்கள்தான் தொல்லை. ஓரிடத்தில் அப்பா பெயர் கடைசிப் பெயராக இருக்கும், இன்னோரிடத்தில் இனிஷியலாக நிற்கும். ஓட்டுநர் உரிமத்திலும் கிரீன் கார்டிலும் பெயர் ஒன்றுபோல் இருக்கட்டும், உரிமத்தில் இப்போதைய முகவரி இருக்கட்டும். இல்லையென்றால் எஃப்பிஐ சரிபார்ப்பு இழுத்துக்கொண்டே போகும். கஞ்சா பயன்படுத்துகிறீர்களா என்ற கேள்வியும் உண்டு. மாநிலம் அனுமதித்தாலும் கூட்டாட்சிச் சட்டம் அனுமதிக்கவில்லை என்று படிவத்திலேயே அச்சிட்டிருக்கிறது.

அனுமதி அட்டை கட்டாயம் இல்லைதான், ஆனாலும் எடுத்துவிடுங்கள் என்பது என் கட்சி. டெக்சாஸில் அதை எல்டிசி என்பார்கள். மாநிலப் பொதுப் பாதுகாப்புத் துறை கொடுக்கிறது, கட்டணம் 40 டாலர். 4 முதல் 6 மணி நேர வகுப்பு, ஓர் எழுத்துத் தேர்வு, ரேஞ்சில் சுட்டுக் காட்டும் தேர்வு. அட்டையைவிட அந்த வகுப்பு பெரிசு. எப்போது சுடலாம் என்பதைவிட எப்போது சுடக் கூடாது என்று அங்கேதான் யாராவது உட்கார வைத்துச் சொல்வார்கள். அட்டைக்கு வேறு பயனும் உண்டு. பள்ளியைச் சுற்றி 1,000 அடிக்குள் துப்பாக்கி கூடாது என்கிறது கூட்டாட்சிச் சட்டம். மாநில அனுமதி பெற்றவருக்கு அதில் விலக்கு இருக்கிறது, அட்டை இல்லாமல் செல்பவருக்கு இல்லை. நம் குடியிருப்புகள் எல்லாமே பள்ளிக்குப் பக்கத்தில்தானே இருக்கின்றன.

எங்கே கொண்டுபோகக் கூடாது என்பது நம் வாழ்க்கையோடு இன்னும் நெருக்கமாக முட்டும். வார இறுதித் தமிழ்ப் பள்ளியும் பொங்கல் விழாவும் பல ஊர்களில் வாடகைக்கு எடுத்த பள்ளிக் கட்டடத்தில்தான் நடக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை என்றாலும் அது பள்ளிக் கட்டடமே, உள்ளே துப்பாக்கி கூடாது. நீதிமன்றம், வாக்குச் சாவடி, விமான நிலையத்தின் சோதனைக்கு உட்பட்ட பகுதி எல்லாம் அப்படியே. தபால் நிலையம், சோஷியல் செக்யூரிட்டி அலுவலகம், குடியுரிமைக்குக் கைரேகை வைக்கப் போகிற அலுவலகம் போன்ற கூட்டாட்சிக் கட்டடங்களிலும் கூடாது. தனியார் கடை, கோவில், மருத்துவமனை வாசல்களில் 30.05, 30.06, 30.07 என்று எண் போட்ட பலகை தொங்கும். 30.06 என்றால் அட்டை இருந்தாலும் மறைத்து எடுத்து வராதே என்று அர்த்தம். 30.05 அட்டை இல்லாதவருக்கு, 30.07 வெளியே தெரிய வைத்திருப்பவருக்கு. சிவப்பில் பெரிதாக 51% என்று போட்டிருந்தால் அது வருமானத்தில் பாதிக்கு மேல் மது விற்பனையில் வருகிற இடம், வாசலோடு திரும்பிவிடுங்கள். போதையில் துப்பாக்கியோடு வெளியே இருப்பதும் குற்றம். தீபாவளிப் பார்ட்டியில் ஒரு கிளாஸ் எடுப்பதாக இருந்தால் அன்றைக்குத் துப்பாக்கி வீட்டுப் பெட்டகத்தில் இருக்கட்டும்.

டெக்சாஸ் அட்டை எல்லா மாநிலத்திலும் செல்லாது. நியூஜெர்சி, நியூயார்க், கலிஃபோர்னியா, இலினாய் மாநிலங்களில் அதற்கு மதிப்பு இல்லை. 2013-ல் பென்சில்வேனியா அனுமதி வைத்திருந்த ஒரு தாய், நியூஜெர்சிக்குள் வந்தபோது அவரைப் போலீஸ் நிறுத்தியது. என்னிடம் துப்பாக்கி இருக்கிறது என்று அவரே நேர்மையாகச் சொன்னார், கைதானார். கடைசியில் 2015-ல் ஆளுநர் மன்னிப்புக் கொடுத்துத்தான் மீண்டார். நியூஜெர்சி எடிசனில் இருக்கிற மச்சான் வீட்டுக்குக் காரில் கிளம்புகிறீர்கள் என்றால் வழியில் வருகிற ஒவ்வொரு மாநிலத்தின் சட்டத்தையும் பாருங்கள்.

சரி, இடுப்புக்கு வருவோம். துப்பாக்கி வாங்க ஆயிரம் டாலர் எடுத்து வைப்பவர் ஹோல்ஸ்டருக்கு இருபது டாலர் துணி உறை வாங்குவதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்கும். உறை கெட்டியாக இருக்க வேண்டும், கைடெக்ஸ் என்கிற கெட்டிப் பிளாஸ்டிக் போல. ட்ரிகர் பகுதியை முழுக்க மூட வேண்டும், துப்பாக்கியை உருவிய பிறகும் வாய் அமுங்கிப் போகாமல் நிற்க வேண்டும். கெட்டியான பெல்ட்டும் வேண்டும். வேட்டி கட்டுகிற நாளில் இந்த ஏற்பாடு சரிப்படாது, கொண்டுபோகாதீர்கள்.

விபத்து பெரும்பாலும் உருவும்போது நடப்பதில்லை, திரும்ப உள்ளே வைக்கும்போது நடக்கிறது. சட்டையின் நுனியோ ஜாக்கெட் கயிற்றின் முடிச்சோ துப்பாக்கியோடு சேர்ந்து உறைக்குள் இறங்கி ட்ரிகரில் மாட்டும். கை அழுத்திக்கொண்டே போகும், வெடித்துவிடும். குண்டு பாய்வது உங்கள் தொடையில்தான். அதனால் இடது கையால் சட்டையை நன்றாக மார்பு வரை தூக்கிப் பிடியுங்கள், விரலை ட்ரிகரிலிருந்து வெளியே நீட்டி வையுங்கள், உறையின் வாயைக் குனிந்து கண்ணால் பாருங்கள், அப்புறம் மெதுவாக இறக்குங்கள். எதிலாவது தட்டினால் அழுத்தாதீர்கள், வெளியே எடுத்துப் பாருங்கள். அவசரமாக உள்ளே வைத்ததற்குப் பரிசு தருவார் யாருமில்லை.

மற்றபடி எல்லாப் பயிற்சியாளரும் சொல்கிற நாலு விதிகள். எந்தத் துப்பாக்கியிலும் குண்டு இருப்பதாகவே நினை. சுட நினைக்காத எதன் மீதும் குழலைத் திருப்பாதே. குறி பார்க்கும்வரை விரல் ட்ரிகரில் வேண்டாம். இலக்கையும் அதற்குப் பின்னால் இருப்பதையும் தெரிந்துகொள். நாலாவதை நம்மவர்கள் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். இங்கே வீட்டுக்குள் தடுக்கிற சுவர் செங்கல் இல்லை, ஜிப்சம் பலகை. குண்டு அதைத் துளைத்துப் பிள்ளைகளின் அறைக்குப் போய்விடும்.

கைப்பையில் வைப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2014 டிசம்பரில் ஐடஹோவில் ஒரு வால்மார்ட் கடையில், தாயின் கைப்பைக்குள் கைவிட்ட இரண்டு வயதுக் குழந்தை தாயையே சுட்டுவிட்டது. அந்தப் பையில் துப்பாக்கிக்கென்றே தனி அறை இருந்தது. உடம்பில் இல்லாத நேரமெல்லாம் துப்பாக்கி பூட்டிய பெட்டகத்தில் இருக்க வேண்டும். காரில் விட்டுவிட்டுப் போகிற பழக்கமும் வேண்டாம், கண்ணாடியை உடைக்கிற திருடன் அதைத்தான் தேடுகிறான். 17 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளையின் கைக்கு எட்டும்படி குண்டு போட்ட துப்பாக்கியை அசட்டையாக வைப்பது டெக்சாஸில் குற்றம்.

ஆறு மாதம் தங்க வருகிற அம்மா முதல் வாரமே அலமாரி எல்லாவற்றையும் இறக்கித் துடைத்து அடுக்குவார். "இது என்னடா கனமா இருக்கு?" என்று அவர் தூக்கிப் பார்க்கிற இடத்தில் அது இருக்கவே கூடாது. பெட்டகத்தின் எண்ணையும் அவரிடம் சொல்லாதீர்கள், பி-2 விசாவில் இருப்பவருக்கு அதைத் திறக்கிற வசதி இருப்பதே அவருக்குச் சிக்கல். ஊருக்குப் போகும்போது எச்-1பி நண்பரிடம் "கொஞ்சம் வைத்திரு" என்று கொடுப்பதும் அவருக்குக் குழி வெட்டுவதுதான்.

இன்னொன்று, சங்கக் கூட்டங்களில் யாரும் பேசாதது. அமெரிக்காவில் துப்பாக்கியால் நேரும் சாவுகளில் பாதிக்கும் மேல் தற்கொலை. வேலை போய், மணவாழ்க்கை உடைந்து, வீட்டில் ஒருவர் மனம் நொந்திருக்கிற காலத்தில் துப்பாக்கி அந்த வீட்டில் இருக்க வேண்டாம். அதை யாரிடம் சட்டப்படி ஒப்படைக்கலாம் என்று முன்கூட்டியே யோசித்து வையுங்கள். 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணில் எந்த நேரமும் பேசலாம்.

'தயாராக இருப்பது' என்றால் ரொம்பப் பேர் வேகமாக உருவுவதை நினைக்கிறார்கள். பயிற்சி தேவைதான். தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, இரண்டு முறை சோதித்து, வெறும் துப்பாக்கியோடு சட்டையைத் தூக்கி உருவிப் பழகலாம். மாதத்துக்கொரு முறையாவது ரேஞ்சுக்குப் போகலாம். ரேஞ்சிலிருந்து வந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள், ஈயத் தூள் ஒட்டியிருக்கும். ஆனால் நிஜத் தயார்நிலை வாயில் இருக்கிறது. இடுப்பில் துப்பாக்கி இருக்கிற அன்று பார்க்கிங்கில் எவன் என்ன திட்டினாலும் நீங்கள்தான் மன்னிப்புக் கேட்க வேண்டியவர். பயமுறுத்தச் சும்மா எடுத்துக் காட்டினேன் என்பது இங்கே கடுங்குற்ற வழக்காக முடியலாம். உங்கள் உயிருக்கோ பக்கத்தில் இருப்பவர் உயிருக்கோ அந்தக் கணத்தில் ஆபத்து, வேறு வழியில்லை என்றால்தான் துப்பாக்கி. சண்டையை நீங்கள் தூண்டாமல், இருக்க உரிமை உள்ள இடத்தில் நின்றால் பின்வாங்க வேண்டிய கட்டாயம் டெக்சாஸில் இல்லை. ஆனாலும் போக வழி இருந்தால் போய்விடுங்கள். சொத்தைக் காக்கச் சுடுவது பற்றி டெக்சாஸ் சட்டம் வேறு மாநிலங்களைவிடத் தாராளம் என்று பேசிக்கொள்வார்கள். திருட்டுப் போகிற டிவிக்காக ஓர் ஆளைச் சுட்டுவிட்டு ஜூரியிடம் விளக்கப் போகாதீர்கள்.

போலீஸ் காரை நிறுத்தினால் உள் விளக்கைப் போடுங்கள், இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்கட்டும். அட்டை இருந்தால், அடையாளம் கேட்கும்போது உரிமத்தோடு அதையும் காட்ட வேண்டும். துப்பாக்கி எங்கே இருக்கிறது என்று சொல்லுங்கள், அவர் சொல்லும்வரை கையை நகர்த்தாதீர்கள். ஓட்டுநர் உரிமத்தைத் துப்பாக்கி இருக்கிற பக்கத்துப் பாக்கெட்டில் வைக்கவே வேண்டாம். 2016 ஜூலையில் மினசோட்டாவில் அனுமதி பெற்றிருந்த ஃபிலாண்டோ காஸ்டீல், துப்பாக்கி இருக்கிறது என்று மரியாதையாகச் சொன்ன சில நொடிகளில் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்ட அதிகாரி மறு வருடம் விடுதலையானார். நம் தோல் நிறத்துக்கு இது சம்பந்தமில்லாத விஷயம் என்று நான் சொல்லப் போவதில்லை.

கடைசியாக, விமானம். 2023-ல் மட்டும் அமெரிக்க விமான நிலையச் சோதனைகளில் 6,700-க்கும் அதிகமான துப்பாக்கிகள் பிடிபட்டன, பெரும்பாலானவற்றில் குண்டு இருந்தது. மறந்துவிட்டேன் என்பதுதான் எல்லோரும் சொல்வது. உள்நாட்டுப் பயணத்தில் வேண்டுமானால் குண்டை எடுத்துவிட்டுப் பூட்டிய கெட்டிப் பெட்டியில் வைத்து, கவுண்ட்டரில் சொல்லி, சரக்குப் பையாக அனுப்பலாம். சென்னைக்குக் கிளம்பும்போது தேட வேண்டியது தோட்டாவை. ரேஞ்சுக்குத் தூக்கிப் போன முதுகுப்பையின் அடிமடிப்பில் ஒரே ஒரு தோட்டா தங்கியிருந்தாலும் இந்திய விமான நிலைய ஸ்கேனரில் தெரியும், 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் வழக்குப் போடுவார்கள். ரேஞ்சுக்கென்று தனிப் பை வைத்துக்கொள்ளுங்கள், அதை ஊர்ப் பயணத்துக்கு எடுக்காதீர்கள், பிள்ளைகளுக்கும் கொடுத்துவிடாதீர்கள்.