கார் செட் எரிகிறது, சத்தம் மட்டும் இல்லையா? ஒரு மல்டிமீட்டரை வைத்துக் கண்டுபிடிக்கலாம்

டிஸ்ப்ளே எரிகிறது. பாட்டின் பெயர் ஓடுகிறது. வால்யூம் எண்ணும் ஏறுகிறது. ஆனால் நான்கு ஸ்பீக்கரில் ஒன்றில்கூடச் சத்தம் இல்லை. இப்படிக் காரைக் கடைக்குக் கொண்டுபோனால் "செட் போயிடுச்சு சார், புதுசு மாட்டிடலாம்" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். எனக்கும் அதையே சொன்னார்கள். செட் நன்றாகத்தான் இருந்தது. கோளாறு டிரைவர் பக்கக் கதவுக்குள் ஓடும் ஒரு ஒயரில்.

நான்கும் ஒரே நேரத்தில் நின்றுபோனால் ஸ்பீக்கர்களைச் சந்தேகிக்க வேண்டாம். நான்கும் சேர்ந்து ஒரே நாளில் கெடுவது அபூர்வம். பொதுவாக செட்டுக்குள் நான்கு ஸ்பீக்கரையும் ஓட்டுவது டிடிஏ 7388 போன்ற ஒரே ஆம்ப் ஐசி, அதாவது சத்தத்தைப் பெருக்கும் சில்லு. எட்டு ஸ்பீக்கர் ஒயர்களில் ஏதாவது ஒன்று கார் பாடியைத் தொட்டுவிட்டால், எரிந்துபோகாமல் இருக்க அது வெளியீட்டை நிறுத்திக்கொள்ளும். பல செட்களில் ஒரு கதவில் இப்படி ஷார்ட் ஆனாலே நான்கு பக்கமும் அமைதியாகிவிடும். நாம் தேடப்போவது அந்த ஒரு ஒயரை.

தேவையானவை

ஓம் அளக்கிற சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். சென்னையில் இருந்தால் ரிச்சி தெருவில் எந்தக் கடையிலும் கிடைக்கும். பல்பு வைத்த டெஸ்ட் லாம்ப் வேண்டவே வேண்டாம். ஏர்பேக் உள்ள காரில் தெரியாத ஒயரில் அதைக் குத்துவது ஆபத்து. மஞ்சள் கப்ளரும் (ஒயர்களை இணைக்கும் பிளக்) மஞ்சள் உறை போட்ட ஒயரும் பெரும்பாலும் ஏர்பேக்குடையவை. அவற்றில் மீட்டரையும் வைக்காதீர்கள். டோர் பேட் (கதவின் உட்பக்க அட்டை) கழற்ற ஸ்க்ரூடிரைவருக்குப் பதில் பிளாஸ்டிக் நெம்பி வாங்கிவிடுங்கள். கிளிப்பும் உடையாது, பெயின்ட்டும் கீறாது.

முதலில் எளிதானவை

மியூட், பேலன்ஸ் (இடம்-வலம்), ஃபேடர் (முன்-பின்), ப்ளூடூத் என்றால் போனின் வால்யூம், இவற்றைப் பார்த்துவிடுங்கள். ரேடியோ, யுஎஸ்பி இரண்டிலும் சத்தம் இல்லை என்றால் அடுத்த படிக்குப் போகலாம். செட் எரிவதால் அதன் ஃபியூஸ் நன்றாக இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளலாம். தனி ஆம்ப் பூட்டிய கார் என்றால் மட்டும், பேட்டரி அருகிலுள்ள ஆம்ப் ஃபியூஸையும், செட் ஓடும்போது ஆம்பை ஆன் செய்யும் நீலம்-வெள்ளை ரிமோட் ஒயரில் 12 வோல்ட் வருகிறதா என்பதையும் பாருங்கள்.

செட்டா, வெளியேயா?

செட்டை வெளியே இழுத்து, பின்பக்கக் கப்ளர் தெரியும்படி வையுங்கள். வெளியிலிருந்து வாங்கிப் பூட்டிய செட் என்றால் நிறங்கள் பெரும்பாலும் இப்படி இருக்கும்: முன் இடது வெள்ளை, முன் வலது சாம்பல், பின் இடது பச்சை, பின் வலது ஊதா. அதே நிறத்தில் கறுப்புக் கோடு இருந்தால் நெகட்டிவ்.

செட்டை ஆன் செய்து, மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையைப் பாடி எர்த்திலும் சிவப்பு முனையை ஒவ்வொரு ஸ்பீக்கர் ஒயரிலும் வையுங்கள். பேட்டரி வோல்ட்டில் ஏறக்குறைய பாதி, அதாவது 6 வோல்ட் போல வர வேண்டும். எல்லாவற்றிலும் பூஜ்யம் என்றால், செட்டை ஆஃப் செய்து எட்டு ஸ்பீக்கர் ஒயர்களையும் பிரித்துவிட்டு, மறுபடி ஆன் செய்து செட் பக்கம் அளந்து பாருங்கள். இப்போது 6 வோல்ட் வந்துவிட்டதா? செட் உயிரோடு இருக்கிறது, ஷார்ட் வெளியே இருக்கிறது. அப்போதும் வரவில்லை என்றால் செட்டைக் கழற்றி எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக்கிடம் கொடுங்கள். ஐசி மாற்றுவது பல நேரம் புதுச் செட்டைவிடச் சிக்கனம்.

எந்த ஒயர்?

எனக்கு அதிக நேரம் பிடித்தது இங்கேதான். பேட்டரி நெகட்டிவ்வைக் கழற்றிவிடுங்கள். மீட்டரை பீப் நிலையில் வைத்து, ஒரு முனையைப் பாடியிலும் மறுமுனையைக் கார் பக்க ஸ்பீக்கர் ஒயர்களில் ஒவ்வொன்றாகவும் வைத்தால், நல்ல ஒயர் எதிலும் பீப் வரக் கூடாது. ஆனால் ஒரு ஒயர் பாடியைத் தொட்டிருந்தால், அந்த ஸ்பீக்கரின் இரண்டு ஒயர்களிலுமே பீப் வரும். ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச்சுருள் (காயில்) இரண்டையும் இணைக்கிறதே! 4 ஓம் தடை பீப்பை நிறுத்தாது. அதனால் பீப்பை நம்பாமல் 200 ஓம் நிலைக்கு மாறுங்கள். முதலில் மீட்டரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு வரும் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதைக் கழித்துவிடுங்கள். பாடிக்குப் பூஜ்யத்தை ஒட்டிக் காட்டுவதுதான் குற்றவாளி. 3 அல்லது 4 ஓம் காட்டுவது அதன் ஜோடி.

எதிலும் பீப் வரவில்லை என்றால் அத்தோடு விடாதீர்கள். மீட்டரை வைத்தபடியே ஒருவரைக் கதவைத் திறந்து மூடச் சொல்லுங்கள். கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்க்க பேட்டரி வேண்டும். அதை மட்டும் மாட்டி, ஒயரைத் தொடாமல் கண்ணாடியை நகர்த்தி, மறுபடி கழற்றி அளங்கள். கதவுக்கும் பில்லருக்கும் (கதவு மாட்டியிருக்கும் தூண்) நடுவே உள்ள ரப்பர் குழாய்க்குள் ஒயர் தினமும் மடங்கி நிமிர்கிறது. தோல் உரிந்து, கதவு மூடிய நிலையில் மட்டும் பாடியைத் தொடும் ஒயர்கள் உண்டு. என் காரில் அப்படித்தான். சிலருக்கு ஸ்பீக்கர் ஸ்க்ரூ ஒயருக்குள் இறங்கியிருக்கும்.

இதோடு ஒவ்வொரு ஜோடிக்கு இடையிலும் அளந்துவிடுங்கள். 4 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் 3-லிருந்து 4-க்குள் காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் ஒயரோ காயிலோ அறுந்திருக்கிறது.

சரிசெய்தல்

உரிந்த இடத்தைச் சுற்றி டேப் ஒட்டினால் போதாது. நம் வெயிலில் நிறுத்திய காரில் இன்சுலேஷன் டேப்பின் பசை இளகி வழுக்கிவிடும். கெட்ட பகுதியை வெட்டி எடுத்து, கொஞ்சம் கூடுதல் நீளத்துக்குப் புது ஒயர் சேர்த்து, சால்டர் செய்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போடுங்கள். இணைப்பு ரப்பர் குழாயின் மடிப்புக்குள் வராமல் கதவின் உட்பக்கம் இருக்கட்டும். சால்டர் வைத்த இடம் மடங்கினால் ஒடியும். ஸ்பீக்கர் நெகட்டிவ்வைப் பாடி எர்த்தில் கொடுக்கும் பழைய பழக்கம் இந்த ஐசிகளுக்கு ஆகாது, அதுவே ஷார்ட்தான்.

டோர் பேடுக்குப் பின்னால் உள்ள பிளாஸ்டிக் ஷீட்டைக் கட்டாயம் திரும்ப ஒட்டுங்கள். கண்ணாடி வழியே இறங்கும் மழைத்தண்ணீரை அதுதான் உள்ளே வராமல் தடுக்கிறது. பூட்டுகிறவர்கள் பலர் அதைக் கிழித்துப் போட்டுவிடுகிறார்கள். எனக்கு இதில் கோபமே உண்டு, ஒரு மழைக்காலத்தில் ஸ்பீக்கர் டெர்மினல் துருப்பிடித்துவிடும்.

பின்சேர்க்கை: ட்வீட்டரை (கீச்சொலிக்கான சின்ன ஸ்பீக்கர்) மட்டும் தனியாக அளந்தவர்கள் "ஒன்றுமே காட்டவில்லை" என்று கேட்டிருந்தார்கள். அதன் கூடவே ஒரு கெபாசிட்டர் இருக்கும், அதனால் அது இயல்புதான். இன்னொருவருக்கு எட்டு ஒயரும் சரி, 6 வோல்ட்டும் வருகிறது, ஆனாலும் சத்தம் இல்லை. சில செட்களில் மியூட் என்று லேபிள் ஒட்டிய ஒயர் ஒன்று தனியாக, பெரும்பாலும் பழுப்பு நிறத்தில், இருக்கும். அதன் முனை எங்காவது பாடியைத் தொட்டால் சத்தம் நின்றுவிடும். அவருடையதில் முனை உறையில்லாமல் பிராக்கெட்டில் பட்டுக்கொண்டிருந்தது. ஒரு ஸ்லீவ் போட்டதும் பாட்டு வந்துவிட்டது.