ஒரே படம் ஏழு ஆல்பமாகச் சிதறுகிறதா?

கம்ப்யூட்டரில் சேர்த்து வைத்த பழைய எம்பி3 பாட்டுகளை போனில் ஏற்றினால், ஒரே படம் பாடகருக்கு ஒன்றாக ஏழெட்டு ஆல்பமாகப் பிரிந்து நிற்கும். ஃபைல் பெயரை மாற்றிப் பயனில்லை. பெரும்பாலான பிளேயர்கள் பார்ப்பது ஃபைலுக்குள் எழுதி வைத்திருக்கும் பாட்டு, படம், பாடகர் விவரங்களை, அதாவது டேகைத்தான்.

எம்பி3டேக் என்ற மென்பொருள் விண்டோஸில் இலவசம். முதலில் ஃபோல்டரை ஒரு காப்பி எடுத்துவிடுங்கள். அப்புறம் ஒரு படத்தின் பாட்டுகளை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, இடப்பக்கம் ‘ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்’ கட்டத்தில் இசையமைப்பாளர் பெயரை மட்டும் போட்டு, கண்ட்ரோல்+எஸ் அழுத்துங்கள். பாடகர் பெயர் ‘ஆர்ட்டிஸ்ட்’ கட்டத்தில் அப்படியே இருக்கட்டும். ‘ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்’, ‘ஆல்பம்’ இரண்டையும் தவிர ‘கீப்’ என்று காட்டும் மற்ற கட்டங்களைத் தொடாதீர்கள். அங்கே பாட்டுக்குப் பாட்டு வேறு விவரம் இருக்கிறது. ‘ஆல்பம்’ பெயரும் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆல்பம் பெயரின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் டவுன்லோட் தளத்தின் பெயரையும் அங்கேயே அழித்துவிடலாம்.

இளையராஜா பெயரைத்தான் ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதி வைத்திருப்பார்கள். ஒரு எழுத்து கூடினாலும் பிளேயருக்கு அவர் வேறு ஆள். ஒரே எழுத்துக்கூட்டலை முடிவு செய்து எல்லாப் படத்துக்கும் அதையே போடுங்கள்.

பெயரே இல்லாத ‘டிராக் 01’ வகையறாவுக்கு மியூசிக்பிரைன்ஸ் பிக்கார்ட் என்ற இன்னொரு மென்பொருள் உண்டு. ஒலியை வைத்தே பாட்டைத் தேடிப் பார்க்கும். பழைய தமிழ்ப் பாட்டுகளில் எல்லாமே கிடைக்கும் என்று நம்பி உட்கார வேண்டாம்.