ஒரே ஐபி, இரண்டு மெஷின்

பினாங்கு லிட்டில் இந்தியாவில் ஒரு துணிக்கடையின் கணக்கு சர்வரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். திடீர் திடீரென்று சர்வருடனான லைன் போகும்; சற்று நேரத்தில் தானே வந்துவிடும். கேபிள், சுவிட்ச் போர்ட் எல்லாம் மாற்றியும் பலனில்லை.

அடுத்த முறை லைன் போனபோது, உடனே கல்லா கம்ப்யூட்டரில், நெட்வொர்க்கில் எந்த எண் (ஐபி) எந்த மெஷினுடையது என்று காட்டும் ஆர்ப் பட்டியலைப் பார்த்தேன். சர்வரின் ஐபி அதே 192.168.1.50, ஆனால் மேக் முகவரி (மெஷினின் நெட்வொர்க் கார்டுக்குத் தயாரிப்பாளர் தரும் அடையாள எண்) வேறு! அதன் முதல் மூன்று ஜோடி எழுத்துகள் தயாரிப்பாளரைக் காட்டும். தேடினால், பிரிண்டர் கம்பெனி.

சர்வரில் கையால் போட்டிருந்த எண்ணையே மாடியிலிருந்த புது பிரிண்டருக்கு ரௌட்டரின் டிஎச்சிபி (மெஷின்களுக்குத் தானாக ஐபி கொடுக்கும் வசதி) கொடுத்திருக்கிறது. பிரிண்டர் விழிக்கும்போதெல்லாம் சர்வருக்கான டேட்டா அங்கே போயிருக்கிறது.

"பிரிண்டரா தம்பி இந்த வேல செஞ்சிச்சு?" என்றார் முதலாளி.

டிஎச்சிபி கொடுக்கும் எண்களின் வரம்பை, சர்வரின் 50-ஐத் தொடாதபடி, 100-இலிருந்து தொடங்க வைத்து, பிரிண்டரை ரீஸ்டார்ட் செய்தேன். தீபாவளி வியாபாரம் முழுக்க லைன் ஒருமுறைகூடப் போகவில்லை.